கைப்பக்குவமும் ஏட்டெழுத்தும்: அமெரிக்கப் பெண்களின் சமூகச் சமையல் நூல்கள் – ஒரு வரலாற்று நோக்கு

சமையற்கலையை நூலாக எழுதிவைக்கும் எண்ணம் தமிழருக்குப் புதியதன்று. நல்லியக்கோடனின் விருந்தோம்பற் சிறப்பைக் கூறவந்த சிறுபாணாற்றுப்படை, வீமன் இயற்றிய நுண்ணிய நூலின் நெறி வழுவாது ஆக்கப்பட்ட பல்வகை உணவுகளை அவன் பாணருக்கு அளிப்பான் எனப் பேசுகின்றது. நளபாகம், வீமபாகம் என்னுந் தொடர்கள் இன்றும் மக்கள் வழக்கில் உள்ளன. இவ்விரண்டும் ஆடவர் பெயராலமைந்தவை என்பது கவனத்திற்குரியது. நாள்தோறும் அடுப்படியில் நின்று சமைத்தவர்கள் பெரும்பாலும் பெண்களாயிருக்க, சமையலின் ஆசிரியர் எனப் பெயர் பெற்றவர்கள் அரசரும் வீரருமாயினர். சமைத்த கை ஒன்று. நூலின் முகப்பில் நின்ற பெயர் வேறொன்று.

இம்முரண்பாடு தமிழுலகிற்கு மட்டும் உரியதன்று. அச்சுக்கலை பரவிய நாடுகள் யாவற்றிலும் இது ஏதோவொரு வடிவில் தோன்றியே உள்ளது. அதனை ஓரளவேனும் வென்ற வரலாறொன்று ஐக்கிய அமெரிக்காவிற் காணப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் அங்கு எழுத்துத் தொழிலோடு எவ்விதத் தொடர்புமற்ற சாதாரணப் பெண்கள் கூடி, தம்முட் குறிப்புக்களைத் திரட்டி, ஒழுங்குசெய்து, அச்சிட்டு, விற்று வந்தனர். ஆராய்ச்சியாளர் இவற்றைச் சமூகச் சமையல் நூல்கள் என வகைப்படுத்துவர். தாம் அறிந்ததை எழுத அப்பெண்கள் எவ்வாறு கற்றனர், அவர்களுக்கு அமைந்த சங்கம் அதற்கு எவ்வாறு துணைநின்றது, அச்சங்கத்தின் கதவு எவருக்கு மூடப்பட்டிருந்தது என்னும் மூன்று வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்கர் ஒருவரால் எழுதப்பட்ட முதற் சமையல் நூலின் வரலாற்றிலேயே இப்பிரச்சினை வெளிப்படுகின்றது. அதற்கு முன்னர் அங்கு அச்சேறியவை இங்கிலாந்து நூல்களின் மறுபதிப்புக்களே. இலைசா சிமித் என்பாரின் நூல் 1742இல் வேர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பேர்க் நகரில் அவ்வாறு மறுபதிப்புப் பெற்றது. 1796இல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போட் நகரில் 'அமெரிக்கச் சமையல்' என்னும் 47 பக்கச் சிறுநூல் வெளியாயிற்று. அதன் ஆசிரியர் அமேலியா சிமன்ஸ், தம்மை ஓர் அமெரிக்க அநாதை என்று மட்டுமே முகப்பில் அறிமுகஞ் செய்துகொண்டார். இங்கிலாந்து நூல்களிற் பெரிதும் இடம்பெறாத சோளமாவும் பூசணியும் அம்மண்ணுக்குரிய பிற பொருள்களும் அவரது நூலில் உரிய இடத்தைப் பெற்றன. அரசியல் விடுதலை பெற்று இருபது ஆண்டுகளான ஒரு நாடு, தன் அடுப்பைத் தன் மொழிவழக்கில் விவரித்த முதல் முயற்சி இதுவெனலாம்.

ஆயினும் அந்நூலுடன் சேர்த்து வெளியிடப்பட்ட அறிவித்தலொன்று வேதனைக்குரிய செய்தியொன்றைத் தெரிவிக்கின்றது. நூலை அச்சுக்குத் தயாரிக்கப் போதிய கல்வி சிமன்ஸுக்கு இருக்கவில்லை. அப்பணிக்கென அமர்த்தப்பட்டவர், சில குறிப்புக்களில் இன்றியமையாதனவற்றை விட்டுவிட்டு, அவற்றைக் கெடுக்கக்கூடிய வேறு சிலவற்றை ஆசிரியரின் இசைவின்றியே புகுத்திவிட்டார். தம் பெயரில் வந்த நூலிலே தம் சொல் நிற்கவில்லை என்று முறையிடும் நிலை அப்பெண்ணுக்கு ஏற்பட்டது. அறிவு ஒருவரிடமும் எழுத்து இன்னொருவரிடமும் இருக்கும்போது நேரக்கூடிய இழப்பு யாதென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இங்கு குறைந்திருந்தது சமையலறிவன்று. அவ்வறிவை நம்பிக்கையோடு எழுத்தாக்கித் தரத்தக்க ஒரு சுற்றமே குறைந்திருந்தது.

அத்தகைய சுற்றம் அமெரிக்கப் பெண்களுக்கு உருவானது ஒரு பெரும் போரின் நடுவிலாகும். 1861இல் வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்குமிடையே உள்நாட்டுப் போர் மூண்டது. அதே ஆண்டில், காயமுற்ற போர்வீரருக்கு மருந்தும் உடையும் உணவும் வழங்கும் பொருட்டு ஐக்கிய அமெரிக்கச் சுகாதார ஆணைக்குழு நிறுவப்பட்டது. அதற்கு நிதி திரட்டுவதற்காகப் பல நகரங்களிற் பெருஞ்சந்தைகள் நடத்தப்பட்டன. அவற்றின் வேலைகளிற் பெரும்பகுதி பெண்களின் தோளில் விழுந்தது. 1864 ஜூனில் பிலடெல்பியாவில் நடைபெற்ற பெருஞ்சந்தை பத்து இலட்சம் டொலருக்கு மேல் ஈட்டியது. ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் அதற்கு நேரில் வருகை தந்தார்.

இச்சந்தையின் பொருட்டு மரியா மொஸ் என்பார் செய்யுளும் சமையற் குறிப்பும் கலந்த நூலொன்றை வெளியிட்டார். முன்னர் பொழுதுபோக்காக எழுதி வைத்திருந்தவற்றையே அவர் போர்வீரரின் துயர்துடைக்கும் பணிக்கெனக் கொடுத்தார். அமெரிக்காவில் அறப்பணிக்கு நிதி திரட்டவென அச்சிடப்பட்ட முதற் சமையல் நூல் இதுவே எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஒருவர் எழுதிய நூலாயினும், அது பின்வந்தோருக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது. போர் 1865இல் முடிவுற்ற பின்னரும் விதவைகள், அநாதைப் பிள்ளைகள், இடிந்த தேவாலயங்கள், மருத்துவமனைகள் என உதவி வேண்டிய இடங்கள் பலவாயின. ஒவ்வோர் ஊரிலும் பெண்கள் சங்கங்கள் இவ்வழியைப் பின்பற்றின. மார்கரெட் குக் 1971இல் வெளியிட்ட நூற்பட்டியல், 1861 முதல் 1915 வரை இவ்வாறு வெளியான அறநிதிச் சமையல் நூல்களை மாநிலம் மாநிலமாகப் பதிவு செய்கின்றது. அதனை நோக்குவார்க்கு இம்முயற்சியின் பரப்பு வியப்பளிக்கும்.

இந்நூல்கள் உருவான முறை ஆராயத்தக்கது. தேவாலயத்துக்குக் கூரையோ போதகருக்கு வீடோ தேவைப்படும்போது பெண்கள் சங்கம் கூடும். ஒவ்வோர் உறுப்பினரும் தாம் கைதேர்ந்த ஒன்றிரண்டு பண்டங்களின் செய்முறையை எழுதித் தருவர். குழுவொன்று அவற்றைச் சூப்பு, இறைச்சி, பாண், கேக், ஊறுகாய் எனத் தரம்பிரிக்கும். ஊர்க் கடைக்காரரிடமும் அடுப்பு விற்போரிடமும் விளம்பரம் பெற்று அச்சுக்கூலி திரட்டப்படும். அச்சாகி வந்த நூலை எழுதியவர்களே முதலில் வாங்குவர். பின்னர் உறவினருக்கும் அயலாருக்கும் விற்பர். இவ்வாறு எழுத்தாளர், பதிப்பாசிரியர், விற்பனையாளர், வாசகர் ஆகிய நால்வரும் ஒரே வட்டத்துக்குள் அடங்கினர்.

இதன் பயன் நிதி திரட்டலோடு முடியவில்லை. வீட்டுக் குறிப்பேட்டில் ஒருத்தி தனக்கென எழுதும்போது 'வழக்கம்போலச் செய்க' என்று விட்டுவிடலாம். அவளுடைய கண்ணளவும் கையளவும் மிகுதியை நிரப்பிக்கொள்ளும். அதே குறிப்பை அருகில் இல்லாத ஒருத்தி படித்துச் செய்யவேண்டுமெனில், எவ்வளவு மா, எத்தகைய நெருப்பு, எந்நிலையில் இறக்குவது என்று சொல்லவேண்டியதாகின்றது. பிறர் அறியாமையைத் தன் மனத்திற் கற்பனை செய்து எழுதுதலே உரைநடையின் முதற்பாடமாகும். அப்பாடத்தை அவர்கள் பள்ளியிற் கற்கவில்லை, சங்கத்திற் கற்றனர். குறிப்பிலுள்ள குறையைச் சுட்டியவள் அயல்வீட்டுக்காரி. திருத்தியவள் உடன்வழிபடும் தோழி. ஒரே கேக்குக்கு மூவர் மூன்று முறை தந்தால், ஒன்றைத் தெரிந்து இரண்டைத் தள்ளாமல், மூன்றையும் மூவர் பெயரோடும் அடுத்தடுத்து அச்சிடுவது இந்நூல்களில் அடிக்கடி காணப்படும் வழக்கம். இலக்கணநூலார் மரபில் இது குற்றமாகத் தோன்றலாம். ஆனால் எவருடைய கையையும் சிறுமைப்படுத்தாத ஒரு பதிப்புநெறி அதிலே உண்டு.

பெயர் பொறிக்கும் முறையும் நோக்கற்பாலது. குறிப்பின் கீழே எழுதியவரின் பெயர் இடம்பெறும். ஆயின் திருமணமான பெண்களில் மிகப் பலர் கணவன் பெயரோடு 'திருமதி' என்னும் அடைசேர்த்தே கையொப்பமிட்டனர். அதனால் இன்று அந்நூல்களைப் படிப்போருக்கு அவர்களின் சொந்தப் பெயர் தெரியவருவதில்லை. எழுத்துரிமை பெற்ற அதே பக்கத்தில் அவர்களின் பெயர் மறைந்தும் நின்றது. அக்காலச் சமூக அமைப்பு ஒரு கையாற் கொடுத்து மறுகையால் எடுத்துக்கொண்டதை இது காட்டுகின்றது.

சிற்றூர்ச் சங்கமொன்றின் நூல் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு ஒகாயோ மாநிலத்து மேரிஸ்வில் ஊர் எடுத்துக்காட்டாகும். அவ்வூரின் சபையொன்றைச் சேர்ந்த பெண்கள், போதகரின் இல்லத்தைக் கட்டும் செலவுக்காக, நாட்டின் விடுதலை நூற்றாண்டான 1876இல் ஒரு சமையல் நூலைத் தொகுத்தனர். அதனைப் பின்னர் எஸ்டெல் வூட்ஸ் வில்கொக்ஸ் என்பார் மினியாபொலிஸ் நகரிலிருந்து விரித்துப் பதிப்பித்தார். அக்கால அமெரிக்க இல்லங்களிற் பெருவழக்குப் பெற்ற சமையல் நூல்களுள் அது ஒன்றாயிற்று. பொதுநலத்துக்கென ஊரார் தந்த அறிவு வணிகப் பொருளாக மாறிய கதையும் இதுவே. கூட்டாக ஆக்கியதன் பயன் யாரைச் சேரவேண்டும் என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

இச்சங்கங்களின் பெருமையைப் பேசும்போது, அவற்றுக்கு வெளியே நின்றவர்களை மறந்துவிடலாகாது. அமெரிக்காவின், சிறப்பாகத் தென்மாநிலங்களின், சமையலிற் பெரும்பங்கு ஆபிரிக்க வழிவந்த அடிமைப் பெண்களின் கைப்பக்குவமாகும். அத்தென்மாநிலங்களுட் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் சட்டத்தினால் தடுக்கப்பட்டிருந்தது. சமையலறையில் அவர்கள் ஆக்கியவை எசமானியின் குறிப்பேட்டில் எசமானியின் பெயரால் ஏறின. இந்நிலையில் அவ்வினத்துப் பெண்கள் இருவர் அச்சேற்றிய நூல்கள் தனிக்கவனம் பெறவேண்டியவை.

முதலாமவர் மாலின்டா றசல். ரெனசி மாநிலத்திற் சுதந்திர மனிதராகப் பிறந்த இவர், இளமையில் லைபீரியாவுக்குச் செல்லப் புறப்பட்டபோது உடன்சென்றவரால் பணம் களவாடப்பட்டு வேர்ஜீனியாவிலே தங்கினார். அங்கு சமையல் வேலை செய்தார். பானி ஸ்டூவார்ட் என்னும் கறுப்பினச் சமையற்காரியிடம் தாம் தொழில் கற்றதை அவர் தமது நூலிற் பதிவு செய்துள்ளார். கணவனை இழந்து, உடற்குறையுடைய மகனோடு வாழ்ந்த அவர், மீண்டும் ரெனசிக்கு வந்து விடுதியும் பின்னர் பலகாரக் கடையும் நடத்திச் சிறிது பொருள் சேர்த்தார். 1864இல், போர்க்காலத்தில், ஆயுதந் தாங்கிய கும்பலொன்று அதனையும் பறித்துக்கொண்டது. மிச்சிகன் மாநிலத்துக்கு ஓடிவந்த அவர், 1866இல் போபோ என்னும் சிற்றூரில் தமது சமையல் நூலை அச்சிட்டார். ஊர்திரும்பி இழந்ததை மீட்கப் பணந்தேடுதலே அவரது நோக்கமாயிருந்தது.

றசலின் நூலுக்குப் பின்னாற் சங்கமொன்று இருக்கவில்லை. விற்பதற்கு உறுப்பினர் இல்லை. பாதுகாப்பதற்கு நூலகமும் இல்லை. அதனால் அது ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ச்சியாளர் பார்வைக்கு வராமலே கிடந்தது. எஞ்சிய பிரதியொன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் கிளமென்ட்ஸ் நூலகத்தை அடைந்து, 2007இல் உருவப்பதிப்பாக வெளிவந்தது. ஆபிரிக்க அமெரிக்கப் பெண்ணொருவர் எழுதிய சமையல் நூல்களுள் இதுவரை அறியப்பட்டவற்றில் மிகப் பழையது இதுவே. அதிலுள்ளவற்றுட் பெரும்பாலானவை கேக்குகளும் இனிப்புப் பலகாரங்களுமாம். தோட்டத்து அடிமைகளின் முரட்டுணவு என்று பிறர் கற்பித்த படத்துக்குள் அந்நூல் அடங்கவில்லை. தேர்ந்த தொழிலாளி ஒருத்தியின் தொழில்நூலாகவே அது அமைந்துள்ளது. தாம் கற்ற ஆசானின் பெயரை அவர் சொல்லியிருப்பதும் பொருள் பொதிந்தது. ஏட்டில் ஏறாத இன்னொரு கற்பித்தல் மரபு அப்பெயரொன்றினால் வெளிப்படுகின்றது.

இரண்டாமவர் அபி பிஷர். தென்கரோலினாவிற் பிறந்து அடிமை வாழ்விலிருந்து மீண்ட இவர், அலபாமாவின் மொபீல் நகரிலிருந்து கலிபோர்ணியாவின் சான்பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார். அவரது ஊறுகாய்களும் சுவைச்சாறுகளும் 1880இல் அந்நகரக் கண்காட்சியிற் பதக்கங்கள் பெற்றன. செய்முறைகளை நூலாக்கித் தருமாறு நகரத்துச் சீமாட்டிகள் அவரை வேண்டினர். அவருக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்ல, பிறர் எழுத, 1881இல் பெண்கள் கூட்டுறவு அச்சகத்தில் அந்நூல் உருவாயிற்று. துணைநின்ற பெண்களின் பெயர்கள் நூலின் முன்பகுதியில் நன்றியோடு இடம்பெற்றுள்ளன.

சிமன்ஸுக்கு வாய்த்த எழுத்தரோடு ஒப்பிடும்போது பிஷருக்கு வாய்த்தவர்கள் நல்லவர்களே. எனினும் வாய்க்கும் ஏட்டுக்கும் இடையில் அங்கும் சில சொற்கள் திரிந்தன. அமெரிக்க ஆதிக்குடிகளிடமிருந்து வந்த, சோளமும் அவரையும் சேர்த்துச் சமைக்கும் 'சக்கொடாஷ்' என்னும் உணவு, எழுதியவரின் காதில் 'சேர்கிற் ஹாஷ்' என விழுந்து அவ்வாறே அச்சேறியது. 'ஜம்பலாயா' என்னும் சோற்றுணவு 'ஜம்பர்லி' ஆயிற்று. இவற்றைப் பிழை என்று மட்டும் கொள்ளுதல் போதாது. தென்னாட்டுக் கறுப்பினப் பெண்ணொருத்தியின் நாவில் அச்சொற்கள் எவ்வாறு ஒலித்தன என்பதற்கு இன்று எஞ்சியுள்ள சாட்சிகளாகவும் அவை விளங்குகின்றன. நூலின் இறுதிக் குறிப்பு குழந்தைகளுக்கான கஞ்சி பற்றியது. தாம் பதினொரு பிள்ளைகளைப் பெற்று, அக்கஞ்சியூட்டியே அவர்களை வளர்த்ததாக அதில் அவர் கூறுகின்றார். சமையற் குறிப்பாகத் தொடங்கியது வாழ்க்கைக் குறிப்பாக முடிகின்றது. எழுத்தறியாத ஒருத்தி தன் வரலாற்றைச் சொல்வதற்குக் கிடைத்த ஒரேயொரு பக்கத்தை அவர் வீணாக்கவில்லை.

இவ்வாறு எழுதக் கற்ற பெண்கள் அவ்வெழுத்தை அரசியலுக்கும் பயன்படுத்தத் தலைப்பட்டனர். 1886இல் பொஸ்டன் நகரில் நடைபெற்ற விழாச் சந்தையொன்றில் வாக்குரிமை இயக்கத்துக்கு நிதி திரட்டும் பொருட்டு ஹெற்றி பேர் என்பார் 'பெண்கள் வாக்குரிமைச் சமையல் நூல்' ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார். லூசி ஸ்டோன், மேரி லிவர்மோர் முதலிய இயக்கத் தலைவியர் அதற்குக் குறிப்புக்கள் வழங்கினர். மருத்துவர்களும் ஆசிரியைகளும் சொற்பொழிவாளர்களும் எழுத்தாளர்களுமான பெண்கள் பலர் பங்குபற்றினர். வாக்குரிமை கேட்கும் பெண் அடுப்பை மறந்தவள், குடும்பத்தைக் கெடுப்பவள் என்று எதிரணியினர் பழித்துவந்த காலம் அது. அப்பழிக்கு மேடையிலே விடைசொன்னவர்கள் அடுக்களையிலும் விடை வைத்தனர். பாண் சுடும் கை வாக்குச்சீட்டையும் ஏந்தலாம் என்பதை அந்நூல் வாதமாக உரைக்காமல் தன் அமைப்பினாலேயே உணர்த்தியது. அரசியல் யாப்பின் பத்தொன்பதாவது திருத்தத்தின் மூலம் நாடளாவிய வாக்குரிமை 1920இலேயே கிடைத்தது. லூசி ஸ்டோன் அதனைக் காண உயிருடன் இருக்கவில்லை, 1893இல் மறைந்துவிட்டார்.

இதே நகரத்தில் சமையலெழுத்தின் வடிவமும் மாற்றம் பெற்றது. 1879இல் நிறுவப்பட்ட பொஸ்டன் சமையற் பள்ளியின் அதிபராயிருந்த பானி பார்மர், 1896இல் தமது பெருநூலை வெளியிட்டார். இளமையில் நோயினாற் கால் செயலிழந்து கல்வியை இடைநிறுத்தியவர் அவர். நூல் விலைபோகும் என்று பதிப்பகத்தார் நம்பவில்லை. முதல் 3,000 பிரதிகளின் செலவை அவரே ஏற்கவேண்டியிருந்தது. முட்டையளவு வெண்ணெய், ஒரு தேநீர்க் கோப்பை சீனி என்றவாறு எழுதிவந்த வழக்கத்துக்கு மாறாக, கரண்டியையும் கோப்பையையும் தலைதட்டி அளக்கும் சீரான முறையை அவர் வற்புறுத்தினார். தாயருகில் நின்று கற்க வாய்ப்பற்ற பெண்களுக்கு, குறிப்பாகத் தொழில்தேடி நகரங்களுக்கு வந்தவர்களுக்கு, இம்முறை பேருதவியாயிற்று. அறிவு கையிலிருந்து விடுபட்டு எவரும் எடுத்தாளக்கூடிய பொருளாயிற்று. அதேவேளை, மாவின் ஈரத்தையும் அடுப்பின் தன்மையையும் நோக்கித் தீர்மானிக்கும் பழைய கைப்பக்குவம் பின்தள்ளப்பட்டது என்பதும் மறுக்கவியலாது. ஏட்டில் ஏறக்கூடியதே அறிவு என்னும் மயக்கம் அக்காலத்தில் வலுப்பெறத் தொடங்கியது.

சங்கத்தின் ஆதரவும் பள்ளியின் ஒழுங்கும் ஒன்றுசேர்ந்த இடமாக மில்வோக்கி நகரைக் குறிப்பிடலாம். கிழக்கு ஐரோப்பாவில் துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்த யூதக் குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்கு, அந்நகரின் சமூகநிலையமொன்றில் லிசி பிளாக் கண்டர் என்பார் சமையல் வகுப்பு நடத்திவந்தார். மாணவியர் வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியைக் கரும்பலகையிலுள்ள குறிப்பைப் பார்த்தெழுதுவதிற் செலவிட்டனர். அதனைத் தவிர்க்கக் குறிப்புக்களை அச்சிட எண்ணிய கண்டர், ஆடவரைக் கொண்டிருந்த நிருவாகசபையிடம் 18 டொலர் கேட்டார். சபை அதனை மறுத்துவிட்டது. பெண்கள் சோர்ந்துவிடாமல் ஊர் வணிகரிடம் விளம்பரம் சேர்த்து, தம்முடைய வீட்டுக் குறிப்புக்களையும் கூட்டி, 1901இல் ஆயிரம் பிரதிகள் அச்சிட்டனர். ஒரு பிரதியின் விலை 50 சதமாகும்.

அந்நூல் பின்னர் பல பதிப்புக்கள் கண்டு ஏறத்தாழ இருபது இலட்சம் பிரதிகள் விற்பனையாயிற்று. 1911இல் அந்நிலையத்துக்குப் புதிய கட்டடம் எழுந்தபோது அதன் செலவுக்கு இந்நூலின் வருவாயும் உதவியது. 18 டொலரைச் செலவென்று கருதிய சபைக்கு அந்நூலே வீடு கட்டிக்கொடுத்தது. மாணவியரின் தேவையிலிருந்து ஒரு நூல் பிறக்குமாயின் அது எவ்வளவு தெளிவாக அமையும் என்பதற்கு அதன் நீண்ட வாழ்வே சான்றாகும். ஆயினும் இன்னொரு பக்கத்தையும் காணவேண்டும். கண்டரின் நூல் சிப்பிவகை முதலான, யூத சமய உணவுவிதிக்குப் புறம்பான பண்டங்களையும் கொண்டிருந்தது. முன்னரே குடியேறி வசதிபெற்ற ஜேர்மன் யூதக் குடும்பங்களின் நோக்கில், புதிதாக வந்தவர்களை அமெரிக்கராக்குதலே அவ்வகுப்பின் இலக்காயிருந்தது. பிள்ளைகள் கற்றுக்கொண்டது புதிய நாட்டின் சமையல். அவர்களின் தாய்மார் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமந்துவந்த சமையலுக்கு அங்கே ஒரு சிறு மூலையே கிடைத்தது. ஆதரவுள்ள சுற்றமும் தான் விரும்பும் வடிவுக்கே பிறரை வார்க்க முனையும் என்பதை இதனால் அறியலாம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளியான இரு நூல்களை அருகருகே வைத்து நோக்கினால் இவ்வரலாற்றின் சிக்கல் மேலும் துலங்கும். 1950இல் தென்கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து ஜூனியர் லீக் என்னும் பெண்கள் அமைப்பு, அந்நகரின் பாகமுறைகளைத் திரட்டி ஒரு நூலாக்கியது. அது மிகுந்த செல்வாக்குப் பெற்று இன்றும் பதிப்பிலுள்ளது. கரையோரக் கறுப்பின மக்களின் கல்லா மொழிவழக்கிலமைந்த சிறு வாசகங்கள் அதில் அணியாக இடம்பெற்றுள்ளன. குறிப்புக்களின் கீழுள்ள பெயர்களோ வெள்ளையினச் சீமாட்டிகளுடையவை. அம்மக்களின் பேச்சு அலங்காரமாகப் பயன்பட்டது. அவர்களின் சமையலறிவுக்கு உரிய ஆசிரியப் பெயர் கிடைக்கவில்லை. சங்கம் தன் உறுப்பினருக்குத் தந்த கௌரவத்தைத் தன் சமையற்கட்டில் நின்றவர்களுக்குத் தரவில்லை.

எட்டு ஆண்டுகளின் பின்னர், 1958இல், நீக்ரோப் பெண்களின் தேசிய சபை தன் நூலை வெளியிட்டது. மேரி மக்லியொட் பெத்தூன் 1935இல் நிறுவிய இச்சபைக்கு நாடெங்கும் கிளைகள் இருந்தன. கிளைகளிலிருந்து வந்த குறிப்புக்களைச் சூ பெய்லி தேர்மன் தொகுத்தார். சூப்பு, இறைச்சி, இனிப்பு என்னும் வழக்கமான பகுப்பை அவர் கைவிட்டார். நூல் நாட்காட்டி முறையில் அமைந்தது. அடிமைத்தளை நீக்கப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த ஜனவரி முதலாந் தேதியோடு அது தொடங்குகின்றது. தொடர்ந்து வரும் மாதங்களில் அம்மக்களின் பெரியோரும் நிகழ்ச்சிகளும் நினைவுகூரப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய உணவு கூறப்படுகின்றது. நிலக்கடலை ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் நினைவாக நிலக்கடலைப் பண்டங்கள் இடம்பெறுகின்றன. பாடநூல்கள் தமது வரலாற்றை எழுதாதபோது அப்பெண்கள் அதனைச் சமையல் நூலில் எழுதினர். எசமானியின் குறிப்பேட்டிற் பெயரின்றிக் கிடந்தவர்களின் வழிவந்தோர், தமக்கெனச் சங்கமும் பதிப்பாசிரியரும் அமைந்தபோது எதனைச் செய்யவல்லவர் என்பதற்கு இந்நூல் விடையாக நிற்கின்றது.

நெடுங்காலம் இவ்வகை நூல்களை இலக்கிய ஆய்வாளரும் வரலாற்றாசிரியரும் பொருட்படுத்தவில்லை. எண்ணெய்க்கறை படிந்த ஏடுகளை ஆவணக்காப்பகங்கள் தேடிச் சேர்க்கவுமில்லை. 1997இல் ஆன் பவர் பதிப்பித்த கட்டுரைத் தொகுதியொன்று, சமூகச் சமையல் நூல்களைப் பெண்களின் தன்வரலாற்று எழுத்தாகவே படிக்கவேண்டுமென எடுத்துக்காட்டியது. 2015இல் டோனி டிப்டன் மார்ட்டின் ஆபிரிக்க அமெரிக்கச் சமையல் நூல்கள் நூற்றைம்பதுக்கு மேற்பட்டவற்றைப் பற்றிய விளக்கப்பட்டியலை வெளியிட்டார். அதன் பயனாக, மறக்கப்பட்ட பல பெயர்கள் வெளிச்சத்துக்கு வந்தன.

தொகுத்து நோக்குமிடத்து, இவ்வரலாறு சில உண்மைகளைத் தெளிவுறுத்துகின்றது. எழுத்துத்திறன் தனியொருவரின் பிறவிக்கொடை என்னும் கருத்து இங்கு பொருந்தவில்லை. கேட்பதற்கு ஒருவரும், திருத்துவதற்கு ஒருவரும், வாங்கிப் படிப்பதற்குப் பலரும் இருந்த இடங்களில் சாதாரணப் பெண்கள் நூலாசிரியராயினர். அச்சுற்றம் அமையாதபோது சிமன்ஸின் சொல் பிறர் கையிற் கெட்டது. றசலின் நூல் நூற்றாண்டுக்கு மேல் மறைந்து கிடந்தது. எந்தச் சுற்றமும் தனக்கு வெளியே சிலரை நிறுத்தியே உருவாகின்றது என்பதும் சார்ல்ஸ்டன் நூலால் விளங்குகின்றது. ஆகவே ஒரு நூலின் முகப்பிலுள்ள பெயரைப் படிப்பதோடு நின்றுவிடாமல், அதன் அடுப்பருகே நின்றவர் யார் என்று கேட்பதும் ஆய்வாளரின் கடமையாகின்றது.

அக்கேள்வியைக் கேட்பதற்குக் கடல் கடந்து செல்லவேண்டியதில்லை. நளன் பெயரையும் வீமன் பெயரையும் போற்றிக் காத்த தமிழர் சமூகத்திலும், சமையலறை அலுமாரிகளில் தாய்மாரும் பேத்திமாரும் எழுதிவைத்த கொப்பிகள் கிடக்கின்றன. மை மங்கி, ஓரம் கிழிந்து, இடையிடையே மஞ்சட்கறை படிந்த அக்கொப்பிகளின் முதற்பக்கத்திற் பெரும்பாலும் பெயர் இருப்பதில்லை. அவற்றை எழுதியவர்கள் யாரெனச் சொல்லக்கூடியவர்கள் உயிருடன் உள்ளபோதே அப்பெயர்களை எழுதிக்கொள்ளுதல் நன்று.